விற்று நான்கு வருடம் ஆன பைக்குக்கு இன்னும் என் பெயரில் அபராதம் வருகிறது. என்ன செய்வது?

தறிச்சத்தம் (திருப்பூர்) | 6 ஜூலை 2025, இரவு 10:12

வணக்கம். நேற்று மதியம் தறிக்கு நூல் பூட்டிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு எஸ்.எம்.எஸ். என் பழைய ஸ்ப்ளெண்டர், டி.என். 39 வண்டி, ஹெல்மெட் போடாமல் போனதாக 1000 ரூபாய் அபராதம். அந்த வண்டியை 2021 ஆகஸ்டிலேயே ஒரு டூவீலர் கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கிற கடையில், கொடுத்துவிட்டேன்.

இது மூன்றாவது எஸ்.எம்.எஸ். முதல் இரண்டையும் மோசடிக்காரன் லிங்க் என்று நினைத்து அழித்துவிட்டேன். இந்த முறை மச்சான் சொன்னதால், லிங்க்கைத் தொடாமல் அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் நேராகப் போய் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். மூன்றும் உண்மை. படமும் இருக்கிறது. ஒல்லியாக ஒருவர், பின்னால் ஆள் உயரத்துக்கு வாழை இலைக் கட்டு. பின் மட்கார்டில் என் மகள் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்து அப்படியே இருக்கிறது. வண்டி என்னுடையதுதான், ஆனால் என்னுடையது இல்லை.

விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான 29, 30 இரண்டு ஃபார்மிலும் ரெண்டு ரெண்டு செட் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தேதி போடவில்லை, வாங்குபவர் பெயரும் எழுதவில்லை. ஆதார் நகல் கொடுத்தேன். எனக்குக் கிடைத்தது 24,000 ரூபாயும் மஞ்சள் காகிதத்தில் ஒரு டெலிவரி நோட்டும். அதில் கடை முத்திரை மட்டும் இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் பேக்கரி நடக்கிறது.

3000 ரூபாயை நானே கட்டித் தொலைத்துவிடலாமா? அதோடு முடிந்துவிடுமா?

---

மூணாவது_கியர் | 6 ஜூலை, இரவு 10:40

கட்டினால் இந்த மூன்று முடியும். நாலாவது வரும். வண்டியைத்தான் கொடுத்திருக்கிறீர்கள், பெயரைக் கொடுக்கவில்லை.

இதே ஊரில் நூறு பேரைக் கேட்டால் தொண்ணூறு பேர் 'ஃபார்மில் கையெழுத்துப் போட்டாச்சு, பிரச்சினை இல்லை' என்றுதான் சொல்வார்கள். அந்த ஃபார்ம் யாருடைய டேபிள் டிராயரில் தூங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை.

---

கருப்புக்கோட்டு (மதுரை) | 7 ஜூலை, காலை 7:05

சார், 3000 ரூபாய் சின்ன விஷயம். நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30)-ல் 'உரிமையாளர்' என்றால் யார் என்று எழுதியிருக்கிறது: யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவர். மைனர் வண்டிக்கும் தவணையில் வாங்கிய வண்டிக்கும் மட்டும் கொஞ்சம் மாறும். பழைய 1939 சட்டத்தில் இந்தப் 'பதிவான பெயர்' என்ற வார்த்தையே கிடையாது. 88-ல் வேண்டுமென்றே சேர்த்தார்கள். விபத்தில் அடிபட்டவன், வண்டி எத்தனை கை மாறியது என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டு அலையக் கூடாது என்பதுதான் காரணம்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. ஒரு கார் வரிசையாகக் கை மாறிப் போகிறது. எல்லாம் காகிதத்தில்தான், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) முதல் ஆள் பெயரே நிற்கிறது. விபத்து நடந்து உயிர் போகிறது. வண்டிக்கு இன்சூரன்சும் இல்லை. முதல் ஆள் 'நான் எப்பவோ விற்றுவிட்டேன்' என்றார். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, அதனால் இழப்பீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது.

இந்த வாழை இலைக்காரர் நாளைக்கு யார் மீதாவது இடித்து, இன்சூரன்ஸ் இல்லை என்று வந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. தொகையில் லட்சக் கணக்கு வரும். அவர் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அதே பரிவாகன் தளத்தில் வண்டி விவரத்திலேயே தெரியும்.

---

தறிச்சத்தம் | 7 ஜூலை, காலை 7:31

பார்த்தேன் சார். இன்சூரன்ஸ் 2022 மார்ச்சோடு முடிந்திருக்கிறது. கடைசியாகக் கட்டியது நான்தான்.

ராத்திரி தூங்கவில்லை என்று எழுத நினைத்தேன். இனிமேல்தான் தூங்க மாட்டேன் போல.

---

கன்சல்டிங்_அண்ணாச்சி (நெல்லை) | 7 ஜூலை, காலை 9:20

எல்லாரும் கடைக்காரனையே திட்டுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தையும் ஒரு தடவை கேளுங்கள். 19 வருடமாக இந்தத் தொழில்தான்.

ஒரு வண்டி என் கடைக்கு வந்ததும் என் பெயருக்கு மாற்றினால் அது செகண்ட் ஓனர் ஆகிவிடும். என்னிடம் வாங்குகிறவர் மூன்றாவது ஓனர். 'சிங்கிள் ஓனர்' வண்டிக்கும் 'தேர்டு ஓனர்' வண்டிக்கும் ஸ்ப்ளெண்டரில் நாலாயிரம் ஐயாயிரம் வித்தியாசம் வரும். அந்த நஷ்டம் விற்கிறவர் தலையில்தான் விழும். அதனால்தான் ஃபார்மில் கையெழுத்து வாங்கி வைத்து, கடைசியாக வாங்குகிறவர் பெயருக்கு நேராக மாற்றுகிறோம். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் செய்வதில்லை.

நான் மாற்றிக் கொடுக்காமல் வண்டியை வெளியே விட மாட்டேன். ஆனால் கிராமத்துக்காரர்கள் 'பெயர் மாத்துற காசைக் குறைச்சுக்கோங்க, நாங்க பாத்துக்குறோம்' என்று ஃபார்மோடு எடுத்துக்கொண்டு போவது உண்டு. அங்கேதான் இடறுகிறது.

---

கருப்புக்கோட்டு | 7 ஜூலை, காலை 9:48

அண்ணாச்சி, உங்கள் நேர்மையைச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்கிற இந்த இடைக்காலத்துக்குத்தான் 2022 டிசம்பரில் விதி கொண்டுவந்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கிற கடை, போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். வண்டி கடைக்கு வந்ததும் விற்றவரும் கடைக்காரரும் சேர்ந்து ஃபார்ம் 29-சி-யில் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து கடைக்காரர்தான் உரிமையாளராகக் கருதப்படுவார். விற்றவர் கழன்றுவிடுவார். உங்கள் செகண்ட் ஓனர் கவலைக்கும் வழி அதிலேயே இருக்கிறது, ஏனென்றால் அது பெயர் மாற்றம் இல்லை, ஒப்படைப்புத் தகவல்தான்.

உங்கள் கடைக்கு அந்தச் சான்று இருக்கிறதா?

---

கன்சல்டிங்_அண்ணாச்சி | 7 ஜூலை, காலை 10:15

இல்லை வக்கீல் சார். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. எங்கள் வரிசையில் பதினொரு கடை இருக்கிறது, ஒருவரிடமும் இல்லை. ஷோரூம் வைத்திருக்கிற பெரிய ஆட்கள் வாங்கியிருக்கிறார்கள். அந்த விதியில் வண்டியை டெஸ்ட் டிரைவுக்கும் சர்வீசுக்கும் தவிர எடுக்கக் கூடாது, எங்கே போனது வந்தது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. கடைப் பையன் டீ வாங்க எடுத்துக்கொண்டு போவதை எந்தப் பதிவேட்டில் எழுத?

---

ஓய்வுபெற்ற_குமாஸ்தா | 7 ஜூலை, மதியம் 2:30

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 31 ஆண்டுகள் பைல் நகர்த்தியவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

பிரிவு 50-ஐ விற்பவர்கள் யாரும் முழுசாகப் படிப்பதில்லை. அதில் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கடமை இருக்கிறது. விற்பவர், அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில், வெளிமாநிலத்துக்கு என்றால் 45 நாளில் பதிவு அதிகாரிக்குத் தகவல் கொடுத்து, அதன் நகலை வாங்கியவருக்கும் அனுப்ப வேண்டும். அதுதான் ஃபார்ம் 29. வாங்கியவர் 30 நாளில் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அது ஃபார்ம் 30. நம் ஊர் வழக்கத்தில் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வாங்குபவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதாவது, 'நான் விற்றுவிட்டேன்' என்று அரசாங்கத்துக்கு நீங்கள் எழுத வேண்டிய கடிதத்தை, வாங்கியவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறீர்கள். அவர் தபாலில் போட்டால் உண்டு.

என் மேசைக்கு விற்றவர் தானாக அனுப்பிய ஃபார்ம் 29 பதிவுத் தபாலில் வந்தது மொத்த சர்வீசிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அனுப்பியவர்கள் பெரும்பாலும் வாத்தியார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் மட்டும் 29 அனுப்பியதால் பதிவேட்டில் பெயர் மாறிவிடாது. வக்கீல் சார் சொன்ன தீர்ப்பின்படி பொறுப்பும் முழுதாகப் போய்விடாது. ஆனால் போலீஸ் விசாரணையில், அன்று வண்டி உங்கள் கையில் இல்லை என்பதற்கு அலுவலக முத்திரை போட்ட காகிதம் ஒன்று இருக்கும். இப்போது உங்களிடம் பேக்கரி ஆகிப்போன கடையின் மஞ்சள் சீட்டு மட்டும்தான் இருக்கிறது.

தம்பி செய்ய வேண்டியது: அபராதம் போட்ட காவல் நிலையம் எது என்று செலானில் இருக்கும். டெலிவரி நோட்டின் நகலோடு அங்கே போய் எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள். வண்டியை யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை பிரிவு 133-ன் கீழ் உரிமையாளருக்கு உண்டு. தெரியாது என்பதையும் எழுத்தில் சொல்வது நல்லது. அப்புறம் அந்த சி.எஸ்.ஆர். நகலை இணைத்து உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு மனு. எல்லாவற்றையும் விட, ஆளைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான தீர்வு.

---

மழைத்துளி77 | 7 ஜூலை, மாலை 6:10

இழைக்குள் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். அப்பா ஏப்ரலில் தவறிவிட்டார். அவருடைய ஸ்கூட்டி வீட்டில் நிற்கிறது. அம்மாதான் ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டுகிறார். பெயர் மாற்ற வேண்டுமா, அல்லது வீட்டு வண்டிதானே என்று விட்டுவிடலாமா? தம்பி ஒருவன் வெளிநாட்டில் இருக்கிறான்.

---

ஓய்வுபெற்ற_குமாஸ்தா | 7 ஜூலை, மாலை 7:02

அம்மா, மாற்றித்தான் ஆக வேண்டும். இறந்த 30 நாளுக்குள் 'அவர் காலமாகிவிட்டார், வண்டியை நான் பயன்படுத்தப் போகிறேன்' என்று பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தால், மூன்று மாதம் வரை அப்பா பெயரிலேயே ஓட்ட மத்திய மோட்டார் வாகன விதி 56 அனுமதிக்கிறது. அந்த மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும். நிறையப் பேர் இதற்கும் 29, 30 கொண்டுவந்து அப்பா கையெழுத்தையே போட்டுக் கொடுப்பார்கள். காலமானவர் கையெழுத்துப் போட்ட தேதி, இறப்புச் சான்றிதழ் தேதிக்குப் பின்னால் இருக்கும். சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அது போலிக் கையெழுத்து, குற்றம்.

இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபனை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம், இன்சூரன்ஸ், புகைச் சான்று. தம்பி வெளிநாட்டில் என்றால் அவருடைய பத்திரத்தைத்தான் முதலில் ஏற்பாடு செய்யுங்கள், அதில்தான் நாள் போகும். நாட்கள் கடந்துவிட்டாலும் பரவாயில்லை, இப்போதே கொடுங்கள்.

அப்பா ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்த்திருந்தாரா என்று பாருங்கள். 2021-லிருந்து அந்த வசதி இருக்கிறது. இருந்தால் வேலை பாதி.

---

பாலிசி_பாலு | 7 ஜூலை, இரவு 8:15

மழைத்துளி அக்கா, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் இறந்தால் இன்சூரன்ஸ் பாலிசி அன்றே செத்துவிடாது. மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், எது முன்னால் வருகிறதோ அதுவரை வாரிசுக்குச் செல்லும். அதற்குள் கம்பெனியிலும் பெயரை மாற்றிவிடுங்கள். ஏப்ரல் என்றால் இந்த மாதத்தோடு முடிகிறது.

விற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், இதை யாரும் கேட்பதே இல்லை. நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டியோடு போகாது, ஆளோடு வரும். 50 சதவீதம் போனஸ் சேர்த்து வைத்திருப்பீர்கள். வண்டி விற்றதும் கம்பெனியில் கேட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் புது வண்டியில் அதைப் பயன்படுத்தலாம். 'பாலிசி இன்னும் ஆறு மாசம் இருக்கு, அப்படியே ஓட்டிக்கோ' என்று சும்மா கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

வாங்குகிறவருக்கு எதிர்ப்பக்கம். பிரிவு 157-ன்படி தேர்டு பார்ட்டி பாதுகாப்பு, அதாவது உங்கள் வண்டியால் அடிபடும் மற்றவருக்கான காப்பு, வண்டியோடு தானாக வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதம், திருட்டு, இதெல்லாம் தானாக வராது. வாங்கிய 14 நாளில் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி பழைய ஓனர் பெயரில் இருந்து வண்டி திருடு போய், ஒரு ரூபாய்கூட வராமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

பெங்களூரு_ரிட்டர்ன் | 8 ஜூலை, காலை 8:44

இதெல்லாம் ஒரே மாநிலத்துக்குள். மாநிலம் தாண்டிப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி.

போன வருடம் வேலை கோவைக்கு மாறியதால் கே.ஏ. நம்பர் காரோடு வந்தேன். பிரிவு 47-ன்படி 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து புது நம்பர் வாங்க வேண்டும். முதலில் பெங்களூருவில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று). அது ஃபார்ம் 28. அதில் எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறது என்று ஊர் பெயரோடு எழுத வேண்டும். நான் கோவை தெற்கு என்று எழுதிவிட்டு வீடு பார்த்தது வடக்கு எல்லைக்குள். டி.என். 37-க்குக் கொடுத்த காகிதத்தை டி.என். 38-ல் தொட மாட்டேன் என்கிறார்கள். வாடகை வீடு பார்த்துவிட்டு என்.ஓ.சி. வாங்குங்கள். அதற்காக மட்டும் இரண்டு முறை பெங்களூரு பஸ் ஏறினேன்.

அதற்கு முன்னால் கடன். லோன் முடிந்து இரண்டு வருடம் ஆகியும் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் அப்படியே இருந்தது. கடைசித் தவணை கட்டினால் தானாகப் போய்விடும் என்று நான்கூட நினைத்திருந்தேன். ஃபார்ம் 35-ல் வங்கி கையெழுத்துப் போட்டு, நாம் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல். என் வங்கி கொடுத்த கடிதத்தில் 90 நாள்தான் செல்லும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அது காலாவதியாகிப் புதுசு வாங்கினேன்.

இங்கே வந்தால் லைஃப் டாக்ஸ் மறுபடியும். வண்டியின் வயதைப் பார்த்துக் குறைப்பார்கள், ஆனாலும் கட்டத்தான் வேண்டும். கர்நாடகாவில் கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

---

மூணாவது_கியர் | 8 ஜூலை, காலை 9:10

இந்த அலைச்சலுக்குத்தான் 2021 செப்டம்பரிலிருந்து பி.ஹெச். நம்பர் (நாடு முழுக்கச் செல்லும் பாரத் வரிசை) வந்திருக்கிறதே. இரண்டிரண்டு வருடத்துக்கு வரி கட்டினால் போதும், மாநிலம் மாறினால் மறுபதிவு வேண்டாம்.

---

பெங்களூரு_ரிட்டர்ன் | 8 ஜூலை, காலை 9:22

தெரியும் நண்பரே. மத்திய, மாநில அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் வைத்திருக்கிற தனியார் கம்பெனி ஆட்களுக்கும்தான் அது. எங்கள் கம்பெனிக்கு மொத்தமே ஒரு மாடிதான்.

---

ஓய்வுபெற்ற_குமாஸ்தா | 8 ஜூலை, காலை 11:00

என்.ஓ.சி. பற்றி ஒரு வரி. பிரிவு 48-ன்படி 30 நாளில் தரவும் இல்லை, மறுத்தும் எழுதவில்லை என்றால் தந்ததாகவே கொள்ள வேண்டும். சட்டத்தில் அப்படி. கவுண்டரில் அதைச் சொல்லிப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். ஒப்புகைச் சீட்டை மட்டும் தொலைக்காதீர்கள்.

---

தறிச்சத்தம் | 13 ஜூலை, இரவு 9:35

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. நிறைய நடந்துவிட்டது.

செலான் மூன்றிலும் இடம் ஒன்றே, பல்லடம் பக்கம். நேரமும் ஏறக்குறைய ஒன்றே, காலை ஆறே கால், ஆறரை. வாழை இலை என்றால் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். புதன்கிழமை விடிகாலை மச்சானும் நானும் போய் மார்க்கெட் வாசலில் டீ குடித்துக்கொண்டே நின்றோம். ஆறு மணி இருபதுக்கு வண்டி வந்தது. சத்தத்தை வைத்தே தெரிந்துவிட்டது. அந்த சைலன்சர் ஓட்டை நான் இருக்கும்போதே விழுந்தது.

ஆள் ஓடவில்லை, சண்டையும் போடவில்லை. என் பெயரைச் சொன்னதும், 'அண்ணா நீங்கதானா? உங்களுக்கு எத்தனை வாட்டி போன் போட்டேன்' என்றார்.

அவர் கதை இது. 2022 ஜனவரியில் கடையில் 27,000 கொடுத்து வாங்கியிருக்கிறார். என் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் எல்லாம் பத்திரமாகவே வைத்திருந்தார். பிளாஸ்டிக் கவரில், பீரோவில். பெயர் மாற்ற ஒரு டிரைவிங் ஸ்கூல்காரரிடம் போயிருக்கிறார். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டதும் ஓ.டி.பி. போனது என் நம்பருக்கு. அந்த டிரைவிங் ஸ்கூல்காரர் எனக்கு போன் செய்து ஓ.டி.பி. கேட்டிருக்கிறார்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. 'சார் ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும் சொல்லுங்க' என்று ஒருத்தன் கூப்பிட்டான். நாலு வார்த்தை நன்றாகத் திட்டி, நம்பரை பிளாக் செய்தேன். அன்று வீட்டில் எல்லாரிடமும் 'ஒரு பிராடுப் பயலைப் பிடிச்சேன்' என்று பெருமையாகச் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

---

மூணாவது_கியர் | 13 ஜூலை, இரவு 9:41

நாலு வருடமாக நம் ஊர் வங்கிகள் எல்லாம் சேர்ந்து 'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று சொன்னதற்கு ஒரே ஆள்தான் ஒழுங்காகக் கேட்டிருக்கிறீர்கள்.

---

கன்சல்டிங்_அண்ணாச்சி | 13 ஜூலை, இரவு 10:05

இது எங்களுக்கு வாராவாரம் நடக்கும். விற்றவர் நம்பரை மாற்றியிருப்பார், அல்லது எடுக்கவே மாட்டார். அதனால்தான் வண்டி கொடுக்கும் அன்றே அவரை உட்கார வைத்து ஆன்லைன் விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள் என்று சொல்கிறேன். கையெழுத்தை விட இன்றைக்கு அந்த ஓ.டி.பி.க்குத்தான் மதிப்பு. சரி, இப்போது என்ன செய்தீர்கள்?

---

தறிச்சத்தம் | 14 ஜூலை, காலை 6:50

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டோம். அவர் இலை வியாபாரத்துக்கு, நான் தறிக்கு.

முதலில் இன்சூரன்ஸ். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்தார், பிரீமியம் 714, ஜி.எஸ்.டி.யும் ஓட்டுநர் விபத்துக் காப்பும் தனி. அது அவர் பையிலிருந்து. புகைச் சான்று எடுக்கும் இடத்தில் அந்த சைலன்சரைப் பார்த்துவிட்டு 'முதல்ல இதை வெல்டு வச்சுட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கு ஒரு மணி நேரம். இவ்வளவு நாள் எந்தப் புகைச் சான்றும் இல்லாமல் ஓடியிருக்கிறது.

நிலுவை அபராதம் இருந்தால் விண்ணப்பம் நகராது என்று தெரிந்தது. மூவாயிரம். யார் கட்டுவது என்று கொஞ்ச நேரம் பேசினோம். ஓட்டினது அவர்தான். ஆனால் அந்த போனைத் திட்டி வைத்தது நான். கடைசியில் அவர் இரண்டாயிரம், நான் ஆயிரம். மச்சான் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பழைய ஃபார்மைப் பயன்படுத்தவில்லை. குமாஸ்தா ஐயா சொன்னதைப் படித்த பிறகு தைரியம் வரவில்லை. புதுசாக 29 இரண்டு நகல், 30 ஒன்று, உண்மையான தேதி போட்டு, அவர் பெயரும் விலாசமும் எழுதிய பிறகு கையெழுத்துப் போட்டேன். பழையவற்றை அவர் வீட்டு அடுப்பிலேயே போட்டோம். பெயர் மாற்றக் கட்டணம் பைக்குக்கு 150-தான், சேவைக் கட்டணம் மேலே கொஞ்சம். இந்த 150 ரூபாய் வேலைக்குத்தான் இத்தனை வருடம்.

ஓ.டி.பி. வந்தது. இந்த முறை சொன்னேன்.

---

கருப்புக்கோட்டு | 14 ஜூலை, காலை 8:20

நன்றாகச் செய்தீர்கள். பழைய ஃபார்மை எரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாம், பரவாயில்லை. அவரிடமிருந்து ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: 2022 ஜனவரியிலிருந்து வண்டி என் கைவசம்தான் இருந்தது, அதற்குப் பிந்தைய அபராதம், வழக்கு எதுவானாலும் என் பொறுப்பு என்று. இழப்பீட்டு வழக்கில் அடிபட்டவருக்கு எதிராக அது உங்களைக் காப்பாற்றாது. ஆனால் நீங்கள் கட்ட நேர்ந்தால் அவரிடம் கேட்க ஒரு பிடி இருக்கும்.

இனிமேல் எதை விற்றாலும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். காலை பத்து மணிக்கு விற்ற வண்டி பதினோரு மணிக்கு இடித்த வழக்கு ஒன்றை நானே நடத்திக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தைச் சாட்சி வைத்து நிரூபிக்கப் படாத பாடு படுகிறேன்.

---

மழைத்துளி77 | 15 ஜூலை, மதியம் 1:15

குமாஸ்தா ஐயாவுக்கும் பாலு அண்ணாவுக்கும் நன்றி. அப்பா நாமினி பெயர் போடவில்லை. தம்பிக்கு ஆட்சேபனை இல்லை பத்திரத்தின் மாதிரியை அனுப்பிவிட்டேன். அதுவரை அம்மா வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லி சாவியை வாங்கி வைத்தேன். 'உங்கப்பா வண்டிக்கு உங்கப்பா பெயர் இருந்தா என்ன' என்று இரண்டு நாளாகப் பேசவில்லை.

---

தறிச்சத்தம் | 29 ஜூலை, இரவு 8:48

கடைசித் தகவல். ஆர்.சி. ஸ்பீட் போஸ்ட்டில் அவர் விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, போட்டோ அனுப்பினார். நான் நம்பாமல் பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்தை நட்சத்திரம் போட்டு மறைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் எழுத்து என்னுடையது இல்லை.

மகள் பெயர் ஸ்டிக்கரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அவருக்கும் அதே பெயரில் ஒரு பெண் இருப்பதாக இப்போதுதான் சொல்கிறார். அதனால்தான் இத்தனை நாள் கிழிக்கவில்லையாம்.

---

வயக்காட்டு_வாசி | 30 ஜூலை, காலை 5:55

டிராக்டருக்கும் இதே ஃபார்ம்தானா ஐயா? 2017-ல் விற்றது. ஆள் இப்போது எங்கே என்றே தெரியாது.

---

ஓய்வுபெற்ற_குமாஸ்தா | 30 ஜூலை, காலை 7:40

அதே 29, 30-தான் தம்பி. டிரெய்லரும் சேர்த்து விற்றிருந்தால் அதற்குத் தனி ஆர்.சி., தனி ஃபார்ம். முதலில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.